மலைக்காட்டில் வழி காட்டும் கருவி

என் தமக்கையின் மகன் அமெரிக்க நாட்டின் மான்டானா மாநிலத்தில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறான். ராக்கி மலைத்தொடர் அவன் வீட்டுச் சன்னலிலிருந்தே தெரியும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "மாமா, இவ்வாண்டு நண்பர்களோடு நானும் எல்க் வேட்டைக்குப் போகிறேன். ஐந்து நாள் மலைமேல் தங்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால், அங்கே பத்து விதம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவர் நீங்கள், எதை வாங்கட்டும், சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தான்.

எல்க் என்பது நம் கடமானின் இனத்தைச் சேர்ந்தது, அதனினும் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவும் அதற்கு மேலும் நிறுக்கும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டை என்பது பழங்கதையாகிவிட்டது. அங்கோ அரசே பருவம் வகுத்து, உரிமச் சீட்டு அளித்து, அதை நடத்துகிறது. துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின் மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டப்படும் வரி, வனவிலங்குகளைப் பேணும் பணிக்கே செல்கிறது. வேட்டை நன்றா தீதா என்ற வாதத்தில் நான் இப்போது இறங்கவில்லை. மருமகன் கேட்டது வழியைப் பற்றிய கேள்வி. வழி என்றால் எனக்கு ஒரு பழைய நினைவு உண்டு.

1978-ஆம் ஆண்டு, நான் வேலையில் சேர்ந்த புதிது. கல்வராயன் மலையில் ஓர் அளவைப் பணி. மாலையில் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கையில் பிரிஸ்மாட்டிக் காம்பஸ் இருந்தது, குறிப்பேடும் இருந்தது. முன்நோக்கிப் பார்த்த கோணம் எது, திரும்பிப் பார்த்த கோணம் எது என்பதை நான் மாற்றி எழுதியிருந்தேன். அதன் பயனாக, முகாமுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்த பள்ளத்தாக்கில் ஐந்து பேரை இறக்கிக்கொண்டு போனேன். இரவு முழுவதும் மழை. எங்களோடு வந்த முதிய செயின்மேன் மறுநாள் காய்ச்சலில் விழுந்தார். அவர் எழுந்து நடமாட ஒரு மாதம் ஆயிற்று. "காம்பஸ் சரியாத்தான் சொல்லிச்சுங்க ஐயா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. ஆகையால், எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வியைக் கடைக்காரரின் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. அந்தக் கருவி எப்படிப் பிறந்தது, எதை அறியும், எதை அறியாது என்று தெரிந்துகொண்ட பிறகே விடை எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்காக நான் படித்தறிந்ததையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

கதை 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் தொடங்குகிறது. அன்று சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அது 'பீப், பீப்' என்று ஓயாமல் ஒலிக்குறி அனுப்பிக்கொண்டே உலகைச் சுற்றியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அந்த ஒலியைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்திலும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்கிறதன்றோ? அவ்வாறே ஸ்புட்னிக்கின் குறியும் நெருங்கும்போது ஏறி, விலகும்போது இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கோள் எந்தப் பாதையில் செல்கிறது என்று அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள்.

1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மக்ளூர் அவர்களை அழைத்து, கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்பவன் இருக்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை தெரிகிறது. கோளின் பாதை தெரிந்தால் கேட்பவன் இருக்கும் இடம் தெரியாதா? தெரியும் என்று விடை வந்தது. கடலுக்குள் மறைந்து திரியும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தம் இடம் தெரியவேண்டிய தேவை அமெரிக்கக் கடற்படைக்கு இருந்தது. 'டிரான்ஸிட்' என்ற திட்டம் பிறந்தது. 1960-இல் அதன் கோள் வெற்றியுடன் ஏவப்பட்டது; 1964 முதல் கப்பல்கள் அதைப் பயன்படுத்தின. ஆனால் கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். மெல்லச் செல்லும் கப்பலுக்கு அது போதும், விமானத்துக்குப் போதாது.

இந்தக் குறையை நீக்க வந்ததே ஜி.பி.எஸ். 1973-ஆம் ஆண்டு, விமானப்படையைச் சேர்ந்த பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் தலைமையில் இத்திட்டம் உருவாயிற்று. துல்லியமான கடிகாரங்களைக் கோளில் ஏற்றிப் பறக்கவிடும் முயற்சியை, கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரோஜர் ஈஸ்டன் 1967-லேயே தொடங்கியிருந்தார். முதல் ஜி.பி.எஸ். கோள் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஏவப்பட்டது. நான் கல்வராயன் மலையில் வழி தப்பிய அதே ஆண்டு!

அதன் தத்துவம் நில அளவையாளனுக்கு எளிதில் விளங்கும். நாங்கள் சங்கிலி கொண்டு தூரம் அளந்தோம். அவர்கள் காலத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும், 'இப்போது மணி இன்னது, நான் இருக்கும் இடம் இன்னது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் நம் கைக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆயிற்று என்பதிலிருந்து தூரம் கிடைக்கிறது. மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைக்கருவியின் கடிகாரம் அத்தனை துல்லியமானதன்று. ஆகவே அதன் பிழையைத் திருத்த நான்காவது கோள் ஒன்று வேண்டும். ஒளியின் வேகத்தில் வரும் குறி அது. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி அக்கோள்களின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்கு விரைந்து ஓடுகிறது. அதையும் கணக்கில் கொண்டே எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது.

இராணுவத்தின் கருவி வேட்டைக்காரன் கைக்கு வந்தது எப்படி? அதற்கு ஒரு பெருந்துயரம் காரணமாயிற்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் நகருக்குச் சென்ற தென் கொரிய விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். வழி தவறியதன் விலை அது. ஜி.பி.எஸ். முற்றுப் பெற்றதும் உலக மக்கள் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று குடியரசுத் தலைவர் ரேகனின் அரசு அம்மாதமே அறிவித்தது.

1989-இல் மெகல்லன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லத்தக்க முதல் கருவியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. விலை ஏறக்குறைய 3,000 டாலர். அதே ஆண்டில் கேரி பரெல், மின் காவ் என்ற இரு பொறியாளர்கள் கான்ஸஸ் மாநிலத்தில் தொடங்கிய தொழிலே, அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்துப் பின்னர் 'கார்மின்' ஆயிற்று. ஆனால் ஒரு தடை இருந்தது. பகைவர் பயன்படுத்தாதிருக்க, பொதுமக்களுக்கான குறியில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்தது. காட்டப்படும் இடம் உண்மையான இடத்திலிருந்து நூறு மீட்டர் வரை விலகி இருக்கலாம். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் நூறு மீட்டர் என்றால் கூடாரமே கண்ணுக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், குடியரசுத் தலைவர் கிளின்டனின் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் உள்ள கருவிகள் எல்லாம் பல மடங்கு துல்லியம் பெற்றன. கார்மினின் மஞ்சள் நிறச் சிறு கருவியான ஈட்ரெக்ஸ் வெளிவந்ததும் அவ்வாண்டுதான். அதன் பிறகே வேட்டைக்காரர், மலையேறுவோர் பைகளில் எல்லாம் இக்கருவி இடம் பெற்றது.

இதுவரை சொன்னது, 'நான் எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு. ஆனால் அமெரிக்க மேற்கின் வேட்டைக்காரனுக்கு இன்னொரு கேள்வி உண்டு. 'நான் யாருடைய நிலத்தில் இருக்கிறேன்?' என்பதே அது. இக்கேள்வி ஜி.பி.எஸ்ஸைவிட இருநூறு ஆண்டு மூத்தது.

1785-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு ஒரு நிலச் சட்டம் இயற்றியது. மேற்கு நிலங்களை ஆறு மைல் சதுரமாக வகுத்து, ஒவ்வொன்றையும் 36 கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூறு ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அளவையாளர்கள் அறுபத்தாறு அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மலையும் பாலையும் கடந்து மேற்கே சென்றார்கள். எண்பது சங்கிலி ஒரு மைல். நாங்கள் பிடித்த சங்கிலிக்கு அது உடன்பிறப்பு என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி. பின்னர் 1862-ஆம் ஆண்டு, கடலுக்குக் கடல் ரயில் பாதை போட முன்வந்த நிறுவனங்களுக்குப் பாதையின் இருமருங்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூறுகளை அரசு வழங்கியது. இடையிலுள்ள கூறுகளைத் தானே வைத்துக்கொண்டது. இன்று அந்நிலப்படத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் இருக்கும். கறுப்புக் கட்டம் தனியாருடையது. வெள்ளைக் கட்டம் பொதுமக்களுடையது.

சதுரங்கத்தில் வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போக முடியும். அந்த மூலையோ ஒரு புள்ளி. புள்ளிக்கு அகலம் இல்லை; மனிதனின் தோளுக்கு அகலம் உண்டு. தாண்டிச் செல்பவனின் உடல் ஒரு கணம் பக்கத்திலுள்ள தனியார் நிலத்தின் வான்வெளியில் புகுந்துவிடுகிறது. இது அத்துமீறலா, அன்றா? மேற்கு மாநிலங்களில் இவ்வாறு மூலைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொதுநிலம் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் என்ற நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மான்டானாவின் மிசௌலா நகரில் 2009-இல் தொடங்கிய நிறுவனம் அது. எந்த நிலம் பொது, எந்த நிலம் தனியார், உரிமையாளர் யார் என்பதை வண்ணமிட்டுக் காட்டும் படங்களை, ஜி.பி.எஸ். கருவியில் செருகத்தக்க சிறு சில்லுகளில் அது முதலில் விற்றது. பின்னர் அப்படங்கள் கைபேசிக்கு வந்தன.

வயோமிங் மாநிலத்தில் எல்க் மலை என்று ஒரு மலை. 2021-ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர் நால்வர், இத்தகைய படத்தின் துணைகொண்டு மூலையைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அரசு அளவையாளர் நட்ட எல்லைக் குறியையும் கண்டார்கள். தாமே செய்து கொண்டுவந்த இரும்பு ஏணி ஒன்றை மூலைக்கு மேலாக நிறுத்தி, தனியார் மண்ணைக் காலால் தொடாமலே பொதுநிலத்திலிருந்து பொதுநிலத்துக்கு இறங்கினார்கள். நிலக்கிழார் வழக்குத் தொடுத்தார். பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டார். 2022-இல் ஜூரிகள் நால்வரையும் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். உரிமையியல் வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பத்தாவது வட்டார நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்பு வழங்கியது. பொதுநிலத்துக்கு மக்கள் செல்வதைத் தடுக்கும் வேலிகளுக்கு எதிராக 1885-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம் அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

ஆனால் அத்தீர்ப்பு வயோமிங், கொலராடோ முதலிய ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். என் மருமகன் இருக்கும் மான்டானா அவற்றுள் ஒன்றன்று. மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே அம்மாநிலத்து வனவிலங்குத் துறை சொல்லிவந்திருக்கிறது. இங்கேதான் கருவியின் எல்லையை உணரவேண்டும். திறந்த வானத்தின் கீழ் கைக்கருவி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகலாம். பாறைச் சுவர்களில் குறி மோதித் திரும்பும் பள்ளத்தாக்கில் இன்னும் கூடுதலாகப் பிசகும். திரையில் தெரியும் கோடு மயிரிழைபோல் மெல்லியது. ஆனால் அந்தக் கோட்டை நம்பி நிற்பவன் கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்பதைக் கருவி உறுதியாகச் சொல்லாது. எல்லையைச் சொல்வது மண்ணில் நட்ட குறிதான். சர்வே கல்லைத் தேடித் தேடிக் காலம் கழித்த எனக்கு இது புதிய பாடமன்று.

இவ்வளவும் படித்த பிறகு மருமகனுக்கு நான் எழுதிய விடையின் சுருக்கம் இதுதான்.

முதலாவது, கையுறை அணிந்த விரலால் அழுத்தத்தக்க பொத்தான்கள் உள்ள கருவியை வாங்கு. அக்டோபர் இறுதியில் அம்மலைகளில் பனி பெய்யும். ஈரமான தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது. இரண்டாவது, பாட்டரியை மாற்றத்தக்க கருவி நல்லது. குளிரில் சாதாரணப் பாட்டரி விரைவில் சோர்ந்துவிடும்; லித்தியம் பாட்டரி தாங்கும். கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். மூன்றாவது, அமெரிக்கக் கோள்களோடு ஐரோப்பியரின் கலிலியோ, ரஷ்யரின் குளோனாஸ் முதலிய கோள்களையும் ஏற்கும் கருவியாக இருக்கட்டும். மரமும் மலையும் வானத்தை மறைக்கும் இடத்தில், கண்ணுக்கு எட்டும் கோள்கள் எத்தனைக்கெத்தனை மிகுதியோ அத்தனைக்கத்தனை நன்று. நான்காவது, நில உரிமையைக் காட்டும் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள். மலையில் கைபேசிக் கோபுரம் இராது. கோபுரம் இல்லாவிட்டாலும் கைபேசி கோள்களின் குறியைக் கேட்கும்; ஆனால் படம் இல்லையேல், வெறும் எண்களையே காட்டும்.

ஐந்தாவதை நான் அடிக்கோடிட்டு எழுதினேன். உதவி கேட்கும் வசதி இருக்கவேண்டும். ஜி.பி.எஸ். நீ இருக்கும் இடத்தை உனக்குச் சொல்லும். உன் மனைவிக்குச் சொல்லாது. கோள் கேட்பதற்கு ஆளில்லை. அது பேசும், அவ்வளவே. இந்தக் குறையை நீக்க, 2011-இல் டிலோர்ம் நிறுவனம் இன்ரீச் என்ற கருவியைக் கொண்டுவந்தது. இரிடியம் என்ற வேறொரு கோள் கூட்டத்தின் வழியாக அது இருபுறமும் செய்தி அனுப்பும். 2016-இல் கார்மின் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. 2022 முதல் சில கைபேசிகளும் கோள் வழியாக அபாய அழைப்பு விடுக்கின்றன. கால் முறிந்தவனுக்குத் துல்லியமான படத்தைவிட, 'இங்கே இருக்கிறேன், வாருங்கள்' என்ற ஒரு வரியே பெரிது.

கடைசியாக, காகிதப் படமும் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும் என்று எழுதினேன். அப்பகுதியில் காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே சாயும் என்பதை நினைவூட்டினேன். பழைய அரசுப் படங்கள் 1927-ஆம் ஆண்டு அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. கருவி வேறோர் அடிப்படையில் இருந்தால், இரண்டும் பல பத்து மீட்டர் வேறுபடும். ஆகவே அமைப்பைச் சரிபார்க்கச் சொன்னேன். முகாமிலிருந்து புறப்படுமுன் அவ்விடத்தைக் குறித்துக்கொள். விலங்கு வீழ்ந்தால் அவ்விடத்தையும் குறித்துக்கொள். இறைச்சியைச் சுமக்க நாலைந்து முறை இருட்டில் திரும்பவேண்டியிருக்கும் என்றும் எழுதினேன். எதை வாங்கினாலும் வீட்டருகே பத்து நாள் நடந்து பழகாமல் மலையேறாதே என்று முடித்தேன். செயின்மேன் சொன்ன சொல்லையும் சேர்த்தேன்.

நவம்பரில் பதில் வந்தது. செய்தி அனுப்பும் வசதியோடு பொத்தான் வைத்த கருவி ஒன்றை வாங்கியிருந்தான். மூன்றாம் நாள் காலை, இரண்டு பொதுக் கூறுகள் மூலையில் சந்திக்கும் இடத்துக்கு அவனும் நண்பர்களும் போய்ச் சேர்ந்தார்களாம். அப்பால் புல்வெளியில் எல்க் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கருவியோ, பிழை நான்கு மீட்டர் வரை இருக்கலாம் என்று காட்டியது. எல்லைக் குறியை அரைமணி நேரம் பனியில் தேடினார்கள், அகப்படவில்லை. "திரை நாங்கள் பொதுநிலத்தில் இருப்பதாகத்தான் சொல்லிற்று மாமா. ஆனால் நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டோம். இவ்வாண்டு இறைச்சி இல்லை. ஒவ்வோர் இரவும் இங்கிருந்தவளுக்கு ஒரு வரி அனுப்பினேன், அவள் நிம்மதியாகத் தூங்கினாளாம்" என்று எழுதியிருந்தான்.

சங்கிலியிலிருந்து செயற்கைக் கோள் வரை வழி காட்டும் கருவிகள் வளர்ந்திருக்கின்றன. அவை சொல்வதைப் பிழையின்றிப் படிக்கும் பொறுப்பு மட்டும் அன்றுபோல் இன்றும் மனிதனிடமே இருக்கிறது. 1978-இல் அப்பொறுப்பில் நான் தவறினேன். என் மருமகன் தவறவில்லை. வெறுங்கையோடு அவன் வீடு திரும்பிய செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மனநிறைவு சிறிதன்று.